பனிமலை ஓவியர் செகாந்தினி

மலை வரையச் சொன்னால் நாம் என்ன செய்வோம்? ரெண்டு முக்கோணம், நடுவில் பாதிச் சூரியன், கீழே ஒரு ஆறு. அஞ்சு நிமிஷத்தில் முடிஞ்சது! மலைக்காகவே மலையேறிப் போய்க் குடியிருந்த ஓவியர் ஒருவர் இருந்தார்.

ஜியோவானி செகாந்தினி 1858-ல் ஆர்கோ என்ற ஊரில் பிறந்தார். அப்போது அது ஆஸ்திரியாவின் ஆட்சியில் இருந்தது. இன்று இத்தாலியில் இருக்கிறது. ஏழு வயதில் அம்மா இறந்துட்டாங்க. அப்பா தன் மூத்த தாரத்து மகளிடம், மிலான் நகரத்தில் விட்டுவிட்டுப் போனார். அக்கா வேலைக்குப் போனால் பையன் நாள் முழுக்கத் தனியாகக் கிடப்பான். தெருவில் சுற்றித் திரிந்தவனை 1870-ல் பிடித்துச் சீர்திருத்தப் பள்ளியில் போட்டார்கள். அங்கே கற்றுக்கொடுத்தது செருப்புத் தைக்க! ஒரு பாதிரியார்தான் இவன் நன்றாகப் படம் போடுவதைக் கவனித்து ஊக்கம் கொடுத்தார். பிறகு பிரேரா கலைக் கல்லூரியில் படித்தார்.

இன்னொரு கொடுமை. அக்கா ஆஸ்திரியக் குடியுரிமையை விட்டுவிட்டார். இத்தாலியக் குடியுரிமை வாங்கவில்லை. அதனால் சாகும்வரை செகாந்தினிக்கு எந்த நாடும் சொந்தமில்லை. நாலு குழந்தைகள் பிறந்தும், காகிதம் இல்லாததால் கல்யாணத்தைப் பதிய முடியவில்லை.

1886-ல் சுவிட்சர்லாந்து மலைகளுக்குப் போனார். முதலில் சவோஞ்ஞின், 1894-ல் இன்னும் உயரத்தில், 1,800 மீட்டரில் மலோயா. மேலே போகப் போக வெளிச்சம் கூர்மையாகத் தெரிந்தது. வண்ணங்களைக் குழைத்தால் அது மங்கிப்போகும். அதனால் குழைக்காமல், கோரைப்பாய் முடைகிற மாதிரி மெல்லிய கோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தள்ளி நின்று பார்த்தால் நம்ம கண்ணே கலந்துகொள்ளும். அவர் பனி வெறும் வெள்ளை இல்லை. நீலம், மஞ்சள் எல்லாம் அதில் உண்டு. பெரிய பெரிய படங்களைக்கூடக் குளிரில் வெளியே நின்றே தீட்டினார். எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம்.

1900 பாரிஸ் கண்காட்சிக்கு ஒரு பிரம்மாண்டமான மலைக்காட்சி செய்ய ஆசைப்பட்டார். பணம் சேரவில்லை. வாழ்வு, இயற்கை, சாவு என்று மூன்று படங்களாகச் சுருக்கிக்கொண்டார். நடுப்படத்தை முடிக்க, 1899 செப்டம்பரில் சுமார் 2,700 மீட்டர் உயரத்தில் ஷாஃப்பெர்க் மலைக் குடிசையில் தங்கினார். அங்கே கடுமையான வயிற்றுவலி. டாக்டர் மேலே ஏறிவந்தும் காப்பாற்ற முடியவில்லை. மலைகளைப் பார்க்கணும் என்று கடைசியாகக் கேட்டாராம். செப்டம்பர் 28-ல் இறந்தார். வயது 41.

மூன்று படங்களும் செயின்ட் மோரிட்ஸில், அவர் பெயரில் 1908-ல் திறந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நடுப்படம் மட்டும் 4 மீட்டர் அகலம். புத்தகத்தில் அந்தப் படம் கிடைத்தால் வானத்தை உற்றுப் பாருங்க, அத்தனையும் கோடு!