சட்டப் புத்தகமும் துப்பாக்கியும்
கருஞ்சிறுத்தைக் கட்சியின் தலைவர் ஹியூயி நியூட்டனின் கதை

உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தபோது, அவருக்குச் சரியாக எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூடத் தெரியாது. பின்னாளில் அவர் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு கட்சியைத் தொடங்கினார். போலீசாரை எதிர்த்து நின்றார். சிறைக்குப் போனார். ஒரு மாநிலத்தின் சட்டமே மாறுவதற்குக் காரணமாக இருந்தார்.

அவர்தான் அமெரிக்கக் கறுப்பு இன மக்களின் தலைவர்களில் ஒருவரான ஹியூயி நியூட்டன்.

ஏழாவது பிள்ளை

அமெரிக்காவின் தெற்கே லூசியானா என்று ஒரு மாநிலம். அங்கே மன்ரோ என்ற ஊரில், 1942-ம் ஆண்டு பிப்ரவரி 17-ந் தேதி நியூட்டன் பிறந்தார். ஏழு குழந்தைகளில் அவரே கடைக்குட்டி. தந்தை வால்ட்டர் நியூட்டன் உழைப்பாளி; தேவாலயத்தில் பிரசங்கமும் செய்வார். லூசியானாவில் கவர்னராக இருந்த ஹியூயி லாங் என்பவரின் பெயரைத்தான் கடைசி மகனுக்கு வைத்தார்.

தெற்கு மாநிலங்களில் கறுப்பு இன மக்களின் வாழ்வு கொடுமையானது. அடிமை முறை 1865-ல் ஒழிந்தது. ஆனால் அதே ஆண்டில், பக்கத்து மாநிலமான மிசிசிப்பியில் ஒரு சட்டம் வந்தது. விடுதலை பெற்ற கறுப்பர்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். வெள்ளையருக்கு அந்தத் தடை இல்லை. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அமெரிக்க அரசியல் சட்டம் 1791-லேயே அளித்திருந்தது. ஆனால் அந்த உரிமை எல்லாருக்கும் ஒன்றாக இல்லை. இந்தப் பழைய கதையை நினைவில் வைத்துக்கொண்டால்தான் நியூட்டன் செய்தது நமக்குப் புரியும்.

பிழைப்பைத் தேடி 1945-ல் அந்தக் குடும்பம் மேற்கே கலிபோர்னியா மாநிலத்துக்குப் போயிற்று. ஓக்லாந்து என்ற துறைமுக நகரில் குடியேறியது.

தானே கற்ற படிப்பு

பள்ளிக்கூடம் நியூட்டனுக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியர்களோடு ஓயாத சண்டை. வகுப்புக்கு வகுப்பு தள்ளிவிட்டார்கள். 1959-ல் பள்ளி முடிந்து வெளியே வந்தார். ஆனால் ஒரு புத்தகத்தை எடுத்துப் படிக்க முடியவில்லை.

அந்த வெட்கம் அவரைச் சுட்டது. தானே படிக்கக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தார். அவர் எடுத்தது சிறுவர் புத்தகம் அல்ல. கிரேக்க ஞானி பிளேட்டோ எழுதிய குடியரசு என்ற நூல். பக்கத்திலே அகராதி. தெரியாத சொல் வரும்போதெல்லாம் அகராதியைப் புரட்டுவார். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். இப்படித் திரும்பத் திரும்பப் படித்தே எழுத்தை வசப்படுத்திக்கொண்டார்.

பிறகு மெரிட் கல்லூரியில் சேர்ந்தார். சட்டமும் படித்தார். எந்தக் குற்றத்துக்கு எந்தப் பிரிவு, போலீசார் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி ஆயிற்று.

நல்லது மட்டும் சொல்லி விட்டுவிட முடியாது. அவருக்குக் கோபம் அதிகம். 1964-ல் ஒரு விருந்தில் நடந்த சண்டையில் ஒருவரைக் கத்தியால் குத்தி, ஆறு மாதம் சிறையில் இருந்தார்.

கட்சி பிறந்தது

கல்லூரியில் அவருக்குக் கிடைத்த நண்பர் பாபி சீல். இருவரும் சேர்ந்து 1966-ம் ஆண்டு அக்டோபரில் கருஞ்சிறுத்தைக் கட்சியைத் தொடங்கினார்கள். வேலை, வீடு, கல்வி, நீதி என்று பத்துக் கோரிக்கைகளை எழுதினார்கள். கறுப்பு இன மக்களைப் போலீசார் அடிப்பதையும் கொல்வதையும் நிறுத்த வேண்டும் என்பது அவற்றில் ஒன்று.

ஓக்லாந்தில் அப்போது பெரும்பாலான போலீசார் வெள்ளையர்கள். கறுப்பு இன வாலிபர்களைத் தெருவில் நிறுத்துவதும், அடிப்பதும் சாதாரணம். இதற்கு என்ன வழி? நியூட்டன் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். வழி அங்கே இருந்தது.

தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் வெளிப்படையாக ஏந்திச் செல்லக் கலிபோர்னியா சட்டம் அன்று இடம் கொடுத்தது. மறைத்து வைப்பதுதான் குற்றம்.

துப்பாக்கி வாங்கப் பணம் இல்லை. சீனத் தலைவர் மாவோவின் சிறு புத்தகத்தை மலிவாக வாங்கி, பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களிடம் கூடுதல் விலைக்கு விற்றார்கள். அந்த லாபத்தில் துப்பாக்கி வந்தது.

அதன் பிறகு ஓக்லாந்து தெருக்களில் ஒரு புதுக் காட்சி. போலீஸ் வண்டியின் பின்னால் இன்னொரு வண்டி போகும். போலீசார் யாரையாவது நிறுத்தினால், கருஞ்சிறுத்தைகள் கீழே இறங்குவார்கள். சட்டம் அனுமதித்த தூரத்தில் நிற்பார்கள். கையில் துப்பாக்கி, கூடவே சட்டப் புத்தகம். பிடிபட்டவருக்கு என்னென்ன உரிமை உண்டு என்பதை உரக்கப் படித்துச் சொல்வார்கள். போலீசார் திகைத்தனர். அவர்களைக் கைது செய்யச் சட்டத்தில் இடம் இல்லை!

சட்டசபையில் துப்பாக்கிகள்

1967 ஏப்ரல் 1-ந் தேதி, பக்கத்து ஊரான வடக்கு ரிச்மாண்டில், டென்சில் டோவெல் என்ற 22 வயது கறுப்பு இன வாலிபர் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டது நியாயம் என்று விசாரணை முடிந்தது. குடும்பத்தினர் கதறினர். கருஞ்சிறுத்தைகள் துப்பாக்கியோடு அங்கே போய்ப் பொதுக்கூட்டம் போட்டார்கள்.

அதே மாதத்தில் டான் மல்போர்டு என்ற சட்டசபை உறுப்பினர் ஒரு மசோதா கொண்டுவந்தார். பொது இடத்தில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியை ஏந்தக் கூடாது என்பதே அந்த மசோதா. யாரை நினைத்து அது எழுதப்பட்டது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டசபை உண்டு. ஒரு மசோதா வந்தால், அதை முதலில் ஒரு கமிட்டி விசாரிக்கும். அந்த விசாரணைக்குப் பொதுமக்களும் போகலாம். ஆதரவாகவோ எதிர்ப்பாகவோ தங்கள் கருத்தைச் சொல்லலாம். துப்பாக்கி மசோதா என்றால் அங்கே எப்போதும் கூட்டம்தான்.

மல்போர்டு மசோதாவின் விசாரணை மே 2-ந் தேதி. தலைநகர் சாக்ரமெண்டோ, ஓக்லாந்திலிருந்து சுமார் 80 மைல். அங்கே போய் எதிர்ப்பைத் தெரிவிப்பது என்று நியூட்டன் திட்டம் வகுத்தார். அறிக்கையும் தயார் ஆயிற்று. ஆனால் அவரைத் தோழர்கள் போக விடவில்லை. தலைவருக்கு ஏதாவது நேர்ந்துவிடும் என்று அஞ்சினார்கள். பாபி சீல் தலைமையில் 24 ஆண்களும் 6 பெண்களும் புறப்பட்டார்கள்.

கவர்னர் ரொனால்டு ரீகன் அப்போது சட்டசபைக் கட்டடத்தின் புல்வெளியில் பள்ளிக் குழந்தைகளோடு இருந்தார். துப்பாக்கி ஏந்திய கூட்டம் படியேறியது. பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். பார்வையாளர் மாடத்துக்குப் போக நினைத்தவர்கள், வழி தவறிச் சபைக்குள்ளேயே நுழைந்துவிட்டார்கள்! உறுப்பினர்கள் அலறிப் போனார்கள். ஒரு குண்டும் வெடிக்கவில்லை. சீல் அறிக்கையைப் படித்தார். கறுப்பு இன மக்களை நிராயுதபாணிகள் ஆக்கவே இந்த மசோதா என்பது அதன் சாரம். ஊர் திரும்பும் வழியில் அவர்கள் கைது செய்யப்பட்டார்கள்.

மறுநாள் அந்தப் படம் அமெரிக்கா முழுவதும் வெளிவந்தது. கருஞ்சிறுத்தைகளின் பெயர் பரவியது. ஆனால் மசோதாவைத் தடுக்கப் போனவர்களே அதற்கு வேகம் கொடுத்துவிட்டார்கள். சட்டசபைக்குள் துப்பாக்கி கொண்டுவரக் கூடாது என்ற விதியும் அதில் சேர்ந்தது. ஜூலை 28-ந் தேதி ரீகன் கையெழுத்திட்டார். அவசரச் சட்டம் என்பதால் உடனே அமலுக்கு வந்தது. சட்டத்தைப் படித்து நியூட்டன் கண்டுபிடித்த வழியை, சட்டமே அடைத்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இதே ரீகன் பின்னாளில் ஜனாதிபதி ஆனார். துப்பாக்கி உரிமைக்காகப் போராடும் தேசிய ரைபிள் சங்கத்தின் மாநாட்டில் 1983-ல் கலந்துகொண்டு பேசினார்.

குண்டும் ரொட்டியும்

1967 அக்டோபர் 28-ந் தேதி விடியற்காலை. நியூட்டன் சென்ற காரைப் போலீசார் நிறுத்தினார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் பிரே என்ற போலீஸ்காரர் இறந்தார். இன்னொருவர் காயம் அடைந்தார். நியூட்டனின் வயிற்றிலும் குண்டு பாய்ந்தது. 1968-ல் அவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. அவரை விடுதலை செய்யக் கோரி நாடெங்கும் ஊர்வலங்கள் நடந்தன. 1970-ல் மேல் கோர்ட்டு தண்டனையை ரத்து செய்தது. மறுபடியும் இரண்டு முறை விசாரணை நடந்தது. ஜூரிகள் ஒரு முடிவுக்கு வரவில்லை. வழக்கு கைவிடப்பட்டது.

அவர் சிறையில் இருந்தபோது, 1969 ஜனவரியில், கட்சித் தோழர்கள் ஓக்லாந்து தேவாலயம் ஒன்றில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு போடத் தொடங்கினார்கள். பல நகரங்களுக்கு அது பரவியது. ஆயிரக்கணக்கான குழந்தைகள் பசியாறினார்கள். இலவச மருத்துவ நிலையங்களும் வந்தன. 1973-ல் ஓக்லாந்தில் ஒரு பள்ளிக்கூடத்தையும் கட்சி தொடங்கியது.

ஆனால் வெளியே வந்த நியூட்டனின் வாழ்வு சீராக இல்லை. போதைப் பழக்கம் பிடித்துக்கொண்டது. 1974-ல் ஒரு பெண்ணைச் சுட்டதாக அவர்மேல் வழக்கு வந்தது. அந்தப் பெண் பின்னர் இறந்தாள். நியூட்டன் கியூபாவுக்கு ஓடினார். 1977-ல் திரும்பி வந்து வழக்கைச் சந்தித்தார். அந்த வழக்கிலும் ஜூரிகள் ஒன்றுபடவில்லை. 1980-ல் சாண்டா குரூஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். தம் கட்சியை அரசாங்கம் ஒடுக்கிய விதமே அவருடைய ஆராய்ச்சி. 1982-ல் பள்ளி மூடப்பட்டது. கட்சியும் மறைந்தது. அந்தப் பள்ளிக்கு வந்த பணத்தைக் கையாடியதாகப் பிறகு அவரே தண்டனை அடைந்தார்.

1989 ஆகஸ்டு 22-ந் தேதி அதிகாலையில், ஓக்லாந்து தெரு ஒன்றில் போதைப்பொருள் வியாபாரி ஒருவன் அவரைச் சுட்டுக் கொன்றான். அப்போது அவருக்கு வயது 47. சுட்டவன் போலீஸ்காரன் அல்ல. அவர் யாருக்காகப் போராடினாரோ அந்த இனத்தைச் சேர்ந்தவன்.

எது நிலைத்தது?

சட்டசபைகளில் துப்பாக்கி வழக்கு ஓயவில்லை. 2020 ஜனவரியில் விர்ஜினியா மாநிலத் தலைநகரில், புதிய துப்பாக்கி மசோதாக்களை எதிர்த்துச் சுமார் 22 ஆயிரம் பேர் திரண்டார்கள். வெள்ளையர்களே அதிகம். பலருடைய தோளில் துப்பாக்கி. கூட்டம் அமைதியாகக் கலைந்தது. 1967-ல் சாக்ரமெண்டோவுக்குப் போனவர்கள் 30 பேர்தான். அவர்களைக் கண்டு ஒரு மாநிலமே நடுங்கியது. உரிமை எல்லாருக்கும் ஒன்றுதானா என்று நியூட்டன் கேட்ட கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஆயினும் அவர் வாழ்வைப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. துப்பாக்கி அவருக்குப் புகழ் தந்தது. அந்தத் துப்பாக்கியே பல உயிர்களையும், முடிவில் அவர் உயிரையும் வாங்கியது. அகராதியை வைத்துக்கொண்டு அவர் தட்டுத்தடுமாறிக் கற்ற எழுத்தோ அவரைக் கைவிடவில்லை.

2021-ல், அவர் விழுந்து இறந்த பகுதியிலேயே, ஒரு தெருவுக்கு ஓக்லாந்து நகரம் அவர் பெயரைச் சூட்டியது. மார்பளவுச் சிலையும் அங்கே எழுந்தது. தெருப் பலகையில் அவர் பெயருக்கு முன்னால் ஒரு சொல் இருக்கிறது: டாக்டர்.