ஆர்மௌர் ஹான்சன்

பிணிகள் பலவற்றுள்ளும் மாந்தர் பெரிதும் அஞ்சியது குட்டநோயே யாம். ஏனைய பிணியாளரைச் சுற்றத்தார் சூழ்ந்திருந்து பேணுவர். இந்நோய்ப்பட்டாரையோ உடன்பிறந்தாரும் தீண்டக் கூசினர். இஃது ஏன் வருகின்றது என்று வினவுவார்க்கு, தெய்வத்தின் சினம் என்று பொதுமக்களும், குடிவழியாக இறங்குவது என்று கற்ற மருத்துவர் பலரும் விடை கூறிவந்தனர். அவ்விடைகள் பொருந்தாவெனக் காட்டியவர் நார்வே நாட்டு மருத்துவராகிய கெர்ஹார்டு ஆர்மௌர் ஹான்சன் என்பார். அவர் வரலாற்றில் போற்றற்குரியதும் உண்டு, இரங்கற்குரியதும் உண்டு. இரண்டையும் மறையாது கூறுதலே முறையாகலின் அங்ஙனமே எழுதலுற்றேன்.

ஹான்சன் 1841-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29-ஆம் நாள் பெர்கன் நகரில் ஒரு வணிகர்க்கு மகனாகத் தோன்றினார். உடன்பிறந்தார் பலர், தந்தையின் வாணிகமோ நொடித்துப் போயிற்று. ஆகவே கிறிஸ்தியானியாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற காலத்துப் பிறர்க்குப் பாடஞ்சொல்லிப் பொருளீட்டித் தம் கல்வியை நடத்தினார். 1866-இல் தேர்ச்சி பெற்றபின், வடபாலுள்ள லொஃபோட்டன் தீவுகளில் மீன்பிடிப்பார்க்கு மருத்துவராய்ச் சிறிதுகாலம் இருந்து, 1868-இல் பெர்கனுக்கு மீண்டார்.

அக்காலத்தே நார்வேயின் மேலைக் கடற்கரையில் குட்டநோய் மலிந்திருந்தது. 1856-இல் அரசாங்கத்தார் நோயாளரைப் பதிவு செய்யத் தொடங்கிய போது அவர் தொகை 3,000-க்குச் சற்றே குறைந்ததாயிருந்தது. சின்னஞ்சிறிய நாட்டிற்கு இது பெருந்தொகையன்றோ! பெர்கனில் இந்நோய்க்கெனவே மூன்று மருத்துவமனைகள் இருந்தன. அவற்றுக்குத் தலைவர்போல் விளங்கிய டானியல்சன், நோய் குடிவழியே வருவதென்று நூலெழுதிப் புகழ்பெற்றவர். தொற்றாது என்பதை நிறுவத் தம் உடலிலேயே நோய்ப்பொருளைப் பலமுறை செலுத்திக்கொண்ட துணிவுடையவர். அவர்பால் அமர்ந்த இளைஞர் ஹான்சனோ, ஊர்ஊராய்ச் சென்று குடும்பங்களின் வரலாற்றை ஆராய்ந்து, இது தொற்றுநோயே என்னும் முடிவுக்கு வந்தார். தம் கொள்கையை மறுத்த மாணவர்க்கு ஆய்விடமும் பொருளுதவியும் அளித்ததோடு, தம் மகளையும் மணஞ்செய்து கொடுத்த டானியல்சனின் பெருந்தன்மை வியக்கத்தக்கது. திருமணம் 1873-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நிகழ்ந்தது. அவ்வாண்டு முடியுமுன்னரே அந்நங்கை என்புருக்கி நோயால் இறந்தாள்.

துயர்நிறைந்த அவ்வாண்டே கண்டுபிடிப்பின் ஆண்டுமாயிற்று. பெப்ருவரி 28-ஆம் நாள், ஒரு நோயாளியின் தோற்கழலையிலிருந்து எடுத்த பொருளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்து நோக்கிய ஹான்சன், உயிரணுக்களின் உள்ளே கோல்போன்ற நுண்கிருமிகளைக் கண்டார். சாயமேற்றிக் காணும் முறை நன்கு வளராத காலம் அது. என்புருக்கி நோய்க் கிருமியைக் கோக் என்னும் ஜெர்மானியர் வெளியிட்டதற்கு ஒன்பதாண்டுகள் முற்பட்டது. எனினும் 1874-இல் தாம் எழுதிய அறிக்கையில், இக்கோல்களே நோய்க்குக் காரணம் என்று அறுதியிட்டுரைக்க அவர் துணிந்திலர்.

துணியாமைக்குத் தக்க காரணம் உண்டு. கிருமியைத் தனியே வளர்த்து, வேறோர் உயிரில் செலுத்தி, அதே நோயை உண்டாக்கினாலன்றி அறிஞர் ஒப்பார். இக்கிருமியோ உயிருள்ள அணுவின் உள்ளன்றி வேறெங்கும் பெருகாதது. உடலுட் புகும் பகையை விழுங்கி அழித்தற்கென்றே சில அணுக்கள் நம்முள் உள்ளன. அவற்றால் விழுங்கப்பட்டும் மாளாது, காவலன் மனையிலேயே கள்வன் குடிபுகுந்தாற்போல அங்கேயே இஃது உறைகின்றது. நரம்பைச் சூழ்ந்த அணுக்களிலும் தங்குகின்றது. ஒன்று இரண்டாவதற்கு ஏறக்குறைய இரண்டு கிழமைகள் வேண்டும். இவற்றையெல்லாம் ஹான்சன் அறியார். முயல்களுக்கு ஊட்டினார், நோய் வரவில்லை. இந்நிலையில் 1879-இல் நைசர் என்னும் இளைய ஜெர்மானியர் பெர்கனுக்கு வர, ஹான்சன் தாம் சேர்த்துவைத்த நோய்ப்பொருள்களைத் தாராளமாய்க் கொடுத்தனுப்பினார். நைசர் அவற்றுக்குச் செவ்வையாகச் சாயமேற்றி, கண்டறிந்த பெருமையைத் தமக்கே உரியதாக்க முற்பட்டார். சாயமேற்றிய திறம் நைசருடையது, முதற்காட்சி ஹான்சனுடையது. பிற்கால உலகம் அங்ஙனமே தீர்ப்புச் செய்தது.

சான்று காணும் வேட்கையால் ஹான்சன் தகாததொன்று செய்தார். அவ்வாண்டு நவம்பரில், மருத்துவமனையிலிருந்த ஒரு பெண்ணின் கண்ணில், அவள் இசைவைக் கேளாமலே, வேறொரு நோயாளியின் கழலைப்பொருளைக் கத்திமுனையாற் செலுத்தினார். அவள் ஏற்கெனவே இந்நோயின் மற்றொரு வகையால் வருந்தியவள். புதிய நோய் எழவில்லை. ஆயினும் நோவும் அச்சமும் அவளுக்கு மெய்யே. வழக்குமன்றத்தில், கேட்டால் மறுப்பாளென்று எண்ணியே கேட்கவில்லை என ஹான்சன் ஒப்புக்கொண்டார். இவ்விடையே அவரைக் குற்றவாளியாக்கப் போதியது என்பது என் கருத்து. 1880 மே மாதத்தில் மருத்துவமனைப் பதவியினின்றும் அவரை நீக்கித் தீர்ப்பளித்தனர். எளியவளொருத்தியின் முறையீட்டுக்கு நாடறிந்த அறிஞர் விடை சொல்ல வேண்டியதாயிற்று. அந்நாளில் இஃது அரிதாக நிகழ்வது.

குட்டநோய்த் தடுப்புக்குரிய தலைமை மருத்துவப் பதவி மட்டும் அவரிடம் நிலைத்தது. மருத்துவமனையை இழந்தவர் நாடு முழுவதையும் தம் ஆய்விடமாக்கினார். 1877, 1885 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் அவர் கொள்கையை ஒட்டி எழுந்தன. நோயாளர் வீட்டிலேயே தனியறையில் இருத்தல் வேண்டும், அன்றேல் மருத்துவமனை சேர்தல் வேண்டும். பிரிவுற்ற குடும்பங்களுக்கு இது கொடிதாகவே தோன்றியிருக்கும். 1888-இல் அமெரிக்கா சென்று, அங்குக் குடியேறிய நார்வே நோயாளரின் மக்களையும் பேரரையும் தேடிப் பார்த்தார். அவர்களுள் ஒருவரிடத்தும் நோயைக் காணவில்லை. குடிவழிக் கொள்கைக்கு இதனினும் வலிய மறுப்பு வேண்டா. 1909-இல் உலக அறிஞர் பெர்கனில் கூடியபோது அவரையே அவைத்தலைவராக்கினர். அந்நாளில் நார்வேயின் நோயாளர் சில நூற்றுவராய்க் குறைந்திருந்தனர்.

1912 பெப்ருவரி 12-ஆம் நாள், நோயாளரைப் பார்வையிடச் சென்ற வழியில், ஃப்ளோரோ என்னும் ஊரில் ஹான்சன் உயிர்நீத்தார். அவர் கண்ட கிருமி 1960-இல் எலியின் உள்ளங்காலிலும், 1971-இல் ஆர்மடில்லோ என்னும் ஓடுடைய விலங்கின் உடலிலும் பெருகக் கண்டனர். கண்ணாடிக் குழாயில் ஊட்டமிட்டு அதனை வளர்த்தவர் இன்றளவும் ஒருவருமிலர்.