அளவுகோலை ஆக்கிய ஆல்பிரெட் பினே

பள்ளிச் சிறாரின் அறிவுத்திறனை அளக்கப் பயன்தரு கருவியை முதன்முதல் ஆக்கியளித்த ஆல்பிரெட் பினே, உளவியலை முறையாகப் பயின்றவர் அல்லர். 1857-இல் நீஸ் நகரில் பிறந்த அவர், 1878-இல் சட்டப் பட்டம் பெற்றார், வழக்காடச் செல்லவில்லை. மருத்துவக் கல்வியையும் இடையில் விடுத்தார். பாரிசின் தேசிய நூலகத்தில் தாமே படித்த நூல்களே அவருக்கு உளவியல் ஆசான்கள். பிற்காலத்தில் அவர் அச்சமூட்டும் மேடை நாடகங்களையும் மற்றொருவரோடு கூடி எழுதினார் என்பது நம்மில் பலருக்கு வியப்பளிக்கலாம்.

சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்கோவிடம் பணியாற்றுகையில் அவருக்குப் பெருஞ்சறுக்கல் ஒன்று நேர்ந்தது. அறிதுயிலில் ஆழ்ந்தோரின் நோய்க்குறிகளைக் காந்தத்தால் உடலின் ஒருபுறத்திலிருந்து மறுபுறத்திற்கு மாற்றலாம் என எழுதினார். பெல்ஜிய அறிஞர் டெல்பேஃப் அதனை மறுத்தார். மாற்றத்தை விளைத்தது காந்தமன்று. ஆய்வாளர் தம்மையறியாது உணர்த்திய எதிர்பார்ப்பே என்பது அவர் வாதம். நெடிது வாதாடிய பினே இறுதியில் தம் தவற்றை ஒப்பினார். கேட்பவரின் விருப்பமே விடையாகிவிடும் என்னும் எச்சரிக்கை அதன்பின் அவர் ஆய்வுகளில் தொடர்ந்தது.

அடுத்து, தம் புதல்வியர் இருவரையும் வீட்டிலேயே நுணுகி நோக்கினார். நடை பயின்ற பருவத்திலேயே மாடலின் நிதானித்து அடி வைத்தாள். ஆலிஸ் துள்ளிப் பாய்ந்தாள். ஒரே வீட்டில் வளர்ந்தோர் சிந்திக்கும் முறையிலேயே இத்துணை வேறுபாடு கண்டவர், 1903-இல் அதனை நூலாக்கினார்.

பிரான்சில் 1882-ஆம் ஆண்டுச் சட்டம் கல்வியைக் கட்டாயமாக்கியது. பாடத்தில் பின்தங்கிய சிறாரைக் கண்டறிய 1904-இல் அரசு அமைத்த குழுவில் பினே இடம்பெற்றார். அடுத்த ஆண்டே மருத்துவர் சிமோனுடன் இணைந்து 30 சோதனைகளைத் தொகுத்தார். எரியும் தீக்குச்சியைக் கண்கள் பின்தொடர்கின்றனவா என்பது முதலாக, எண்களைத் திருப்பிச் சொல்லுதல், எடைகளை ஒப்பிடுதல் என அவை படிப்படியே கடினமாயின. 1908-இல் அவற்றை வயதுவாரியாக வகுத்தார்.

அவர் நோக்கம் சிறாரை ஒதுக்குவதன்று. தனிக் கவனம் தந்து உயர்த்துவதே. அறிவு பிறப்போடு உறைந்துவிட்டது என்போரை 1909-இல் எழுதிய நூலில் வன்மையாகச் சாடினார். தனி வகுப்புச் சிறாரைச் சிலைபோல் அசையாது நிற்கச் செய்யும் விளையாட்டால் கவனத்தைப் பயிற்றினார். நம்மிடம் அமானிதமாக ஒப்படைக்கப்பட்ட மாணவனை முதல் தேர்விலேயே மக்கு என முத்திரையிடும் நாம், இவ்விடத்தில் சற்றே தலைகுனிய வேண்டியுள்ளது.

1911 அக்டோபரில், 54-ஆம் வயதில் பினே மறைந்தார். மறு ஆண்டே ஜெர்மானியரான ஸ்டெர்ன், மனவயதை உண்மை வயதால் வகுத்து ஒற்றை எண்ணாக்கினார். 1913-இல் அமெரிக்காவின் கோடார்ட், பினேயின் சோதனைகளையே எல்லிஸ் தீவிற்கு எடுத்துச்சென்று, கப்பலில் வந்திறங்கிய ஏழைக் குடியேறிகளுட் பலரை அறிவு குன்றியோர் எனக் குறித்தார்.