அடிநாதம் தந்த லியோ ஃபெண்டர்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என இசைக்கருவிகளை நான்காக வகுத்தனர் நம் முன்னோர். இவற்றுள் நரம்புக்கருவிக்கு மின்சாரத்தின் வலிமையைச் சேர்த்து, மேலைநாட்டு இசையின் போக்கையே மாற்றியவர்களுள் ஒருவர் லியோ ஃபெண்டர். வியப்பு என்னவென்றால், அவருக்குக் கிதார் வாசிக்கவே தெரியாது!

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் 1909ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10ஆம் நாள் லியோ பிறந்தார். சிறுவயதிலேயே கட்டி ஒன்றினால் இடக்கண்ணை இழந்தார். அதற்குப் பதிலாகக் கண்ணாடிக் கண் பொருத்தப்பட்டது. ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. வானொலிப் பெட்டிகளின் நுட்பத்தைத் தாமே முயன்று கற்றார். கல்லூரியில் பயின்றதோ கணக்கியல். பொருளாதார மந்தக் காலத்தில் கணக்கர் வேலை பறிபோயிற்று. 1938இல் 600 டாலர் கடன் வாங்கி, ஃபுல்லர்டன் நகரில் வானொலி பழுதுபார்க்கும் கடையைத் திறந்தார்.

அக்கடைக்கு இசைக்கலைஞர்களும் வந்தனர். அவர்கள் கூறிய குறைகளை லியோ பொறுமையாகக் கேட்டார். 1946இல் தம் பெயரிலேயே இசைக்கருவி நிறுவனம் தொடங்கினார்.

அந்நாளில் தாழ்ந்த சுருதிகளை வாசிக்க டபுள் பேஸ் என்னும் ஆளுயரக் கருவியே பயன்பட்டது. அதை ஊர் ஊராகத் தூக்கிச் செல்வது பெரும்பாடு. மற்ற வாத்தியங்களின் முழக்கத்தில் அதன் ஓசை அமுங்கிவிடும். மெட்டுகள் இல்லாததால் சுருதி பிசகாமல் வாசிப்பதும் கடினம். இக்குறைகளைத் தீர்க்கவே 1951இல் பிரிசிஷன் பேஸ் கிதாரை லியோ உருவாக்கினார். துல்லியம் என்பதே அப்பெயரின் பொருள். 1930களிலேயே சியாட்டில் நகரின் பால் டட்மார்க் இத்தகைய கருவியைச் செய்திருந்தார். ஆனால் அது பரவவில்லை.

லியோவின் கருவியில் நான்கு கம்பிகள். அவை அதிரும் நீளம் 34 அங்குலம். வீணையில் உள்ளதுபோல் மெட்டுகளும் உண்டு. எஃகுக் கம்பி அதிரும்போது, கீழேயுள்ள காந்தத்தைச் சுற்றிய செப்புச் சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. அதுவே ஒலிபெருக்கி வழியாக நாதமாகிறது. தோளில் மாட்டிக்கொண்டு நின்றபடியே வாசிக்கலாம்.

1960இல் ஜாஸ் பேஸ் என்னும் கருவியையும் லியோவின் நிறுவனம் வெளியிட்டது. டெட்ராய்ட் நகரின் ஜேம்ஸ் ஜேமர்சன் 1962ஆம் ஆண்டுப் பிரிசிஷன் பேஸைக் கொண்டு எத்தனையோ பாடல்களுக்கு உயிரூட்டினார். ஆனால் இசைத்தட்டுகளில் நெடுங்காலம் அவர் பெயர் அச்சிடப்படவில்லை. அடிநாதத்தை ரசித்தவர்கள் அதை வாசித்தவரை அறியவில்லை!

உடல்நலம் குன்றியதால் 1965இல் லியோ தம் நிறுவனத்தை சி.பி.எஸ். நிறுவனத்திற்கு 1 கோடியே 30 இலட்சம் டாலருக்கு விற்றார். அதற்கு முன் செய்யப்பட்ட கருவிகளை இன்று பெரும் விலை கொடுத்துத் தேடி வாங்குகின்றனர். காரணம் பழைமை மட்டுமன்று, கைத்திறனும் ஆகும். அபிகேல் இபாரா என்னும் பெண்மணி 1956இல் வேலைக்குச் சேர்ந்து, செப்புச் சுருள்களைத் தம் கைவிரல்களால் வழிநடத்திச் சுற்றினார். ஆகவே ஒவ்வொரு கருவியும் சற்றே வேறான குரல் பெற்றது. வண்ணம் தேய்ந்த பின்னும் அவற்றின் நாதம் தேயவில்லை.

நலம்பெற்ற லியோ ஓய்ந்திருக்கவில்லை. மேலும் இரு நிறுவனங்களின் வாயிலாகப் புதிய கருவிகளைப் படைத்தார். நடுக்குவாத நோய் வாட்டிய போதும் உழைத்தார். 1991ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 21ஆம் நாள், தம் 81ஆம் வயதில் மறைந்தார்.

தோழியரே! மாளிகையின் அழகைப் பாராட்டுவோர் அதன் அடித்தளத்தை நினைப்பதில்லை. பாட்டில் பேஸ் கிதாரும் அத்தகையதே. தமக்கு வாசிக்கத் தெரியாத கருவியைப் பிறர் வாசிப்பதற்காகச் செம்மையாகச் செய்தார் லியோ. பிறர் குறையைச் செவிமடுத்துக் கேட்பதும், கைப்பணியைத் திருத்தமாகச் செய்வதும் நம்மாலும் இயலும் அன்றோ! இனி ஒரு பாடலைக் கேட்கையில், பாடுபவரின் குரலுக்கு அடியில் மெல்ல ஒலிக்கும் அந்த நாதத்திற்கும் செவி கொடுப்போமாக.