வெடிமருந்துச் சாலையில் இலவோசியே

ஒட்சிசன் என்னும் வாயுவின் பெயரைக் கேட்ட மாணாக்கர் யாவரும் இலவோசியே என்னும் பெயரையும் உடன் கேட்டிருப்பர். எரிதல் என்பது யாது என்று உலகிற்குத் தெளிவுறுத்திய அப்பெருமகன், எரிவதையே தொழிலாகக் கொண்ட பண்டமாகிய வெடிமருந்தை ஆக்கவும் சோதிக்கவும் காக்கவும் அரசினரால் அமர்த்தப்பட்டவன் என்பதைப் பாடநூல்கள் ஒரு வரியிற் சொல்லிக் கடந்துவிடுகின்றன. 1776 முதல் 1792 வரை, பதினாறு ஆண்டுகள், அவன் உண்டதும் உறங்கியதும் ஆராய்ந்ததும் பாரிசு மாநகரின் ஆயுதசாலையை ஒட்டியேயாம். அவன் உயிர் ஒருமுறை போகாது தப்பியதும் அங்கேதான்.

அன்ரன் லோரன் இலவோசியே 1743 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 26 ஆம் நாள் பாரிசு நகரிற் பிறந்தான். தந்தை நியாயவாதி. தாயை ஐந்தாம் வயதில் இழந்து சிறிய தாயின் வளர்ப்பில் வளர்ந்தான். தந்தை வழியே சட்டம் பயின்று பட்டமும் பெற்றான். ஆயினும் மனம் பௌதிக நூல்களையே நாடியது. 1768 இல் விஞ்ஞானக் கழகத்தில் இடம் கிடைத்தது. அதே ஆண்டில் அரசனுக்காக வரி தண்டும் குத்தகைக் கூட்டத்தில் ஒரு பங்கையும் விலைக்கு வாங்கினான். முன்னையது அவனுக்குப் புகழையும் பின்னையது கொலைக்களத்தையும் தந்தன. 1771 இல் அக்கூட்டத்தாருள் ஒருவரின் மகளாகிய மரி ஆன் என்னும் பதின்மூன்று வயதுச் சிறுமியை மணந்தான். அவள் ஆங்கிலம் கற்றுக் கணவனுக்கு நூல்களை மொழிபெயர்த்தாள். சித்திரம் பயின்று அவன் கருவிகளை வரைந்தாள். இத்தகைய வாழ்க்கைத்துணை வாய்த்த ஆராய்ச்சியாளர் மிகச் சிலரே.

அக்காலத்தில் பிரான்சு நாட்டின் வெடிமருந்து தனியார் குத்தகையில் இருந்தது. குத்தகைக்காரர் இலாபத்தை நோக்கினரேயன்றித் தரத்தை நோக்கிலர். 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரில் மருந்துப் பஞ்சம் அந்நாட்டை வாட்டியது. வெடிமருந்தின் உயிர் வெடியுப்பு. உலகில் வெடியுப்பு மிகுதியாய் விளைந்த இடம் கங்கை பாயும் பீகார் நிலம். 1757 இல் பிளாசிப் போரின் பின் அந்நிலத்து வெடியுப்பு முழுதும் ஆங்கிலேயக் கும்பினியின் கைக்குட் சென்றது. பாட்னாவில் மூடிய கதவு பாரிசிற் பசியாயிற்று எனலாம். உள்நாட்டிலோ, உப்பெடுப்போர் அரசாணையைக் கையிற்பிடித்துக்கொண்டு குடிகளின் நிலவறைகளிலும் தொழுவங்களிலும் புகுந்து மண்ணைத் தோண்டினர். அந்தத் தொல்லைக்கு அஞ்சியே பலர் கையூட்டுக் கொடுத்து அவர்களை அயல்வீட்டுக்கு அனுப்பினர்.

நிதியமைச்சராய் வந்த தூர்கோ 1775 இல் இக்குத்தகையை ஒழித்து, நால்வர் கொண்ட அரச நிருவாகம் ஒன்றை நிறுவினார். நால்வருள் ஒருவன் இலவோசியே. அடுத்த ஆண்டில் ஆயுதசாலையிற் குடியேறி, அங்கேயே தன் ஆய்வுகூடத்தையும் அமைத்தான். அவன் செய்த முதற்காரியம் மண்ணைக் கற்றதாகும். விஞ்ஞானக் கழகம் வெடியுப்பின் பிறப்பைப் பற்றிப் பரிசுப் போட்டி ஒன்றை அறிவித்தது. 1777 இல் நிருவாகம் உப்புப் பாத்தி அமைக்கும் முறையை அச்சிட்டு நாடெங்கும் பரப்பியது. மட்கிய எருவும் சுண்ணமும் கலந்த மண்ணிற் பிறப்பது பெரும்பாலும் கல்சியம் நைத்திரேற்று. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் குழைந்துவிடும். மரச்சாம்பல் நீரை அதனுடன் சேர்த்தால் பொற்றாசியம் நைத்திரேற்று என்னும் உண்மையான வெடியுப்புக் கிடைக்கும். கறியுப்பு அதனோடு கலந்து நின்றாலும் மருந்து ஈரம் கட்டும். ஆதலின் கொதிநீரிற் கரைத்து, ஆறவிட்டு, படியும் வெடியுப்பை மட்டும் பிரித்துக் கழுவ வேண்டும். இவற்றையெல்லாம் கைப்பழக்கமாய்ச் செய்துவந்தவரிடம் தராசையும் காரணத்தையும் கொண்டு சென்றவன் அவன்.

வெடிமருந்து என்பது ஒரே பண்டம் என்று நாம் எண்ணிவிடுகின்றோம். அது தவறு. எட்டுப் பங்கில் ஆறு பங்கு உப்பும், ஒரு பங்கு கந்தகமும், ஒரு பங்கு கரியும் என்பது பிரான்சியப் போர்மருந்தின் அளவு. இதனை இடித்துக் குழைத்துச் சல்லடையில் இட்டு மணியாக்குவர். பெருமணி பீரங்கிக்கு, சிறுமணி துப்பாக்கிக்கு, அதனினும் நுண்மணி வேட்டைக்கு. கல்லுடைக்கும் சுரங்க மருந்து வேறு. ஆபிரிக்கக் கரையிற் பண்டமாற்றுக்கு அனுப்பும் மலிவான வணிக மருந்து வேறு. பீப்பாய்கள் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். பழைய கோட்டைகளிலிருந்தும் கப்பல்களிலிருந்தும் திரும்பி வருபவற்றில் எது எந்த வகை, எது நல்லது, எது கெட்டது என்று பிரித்தறிவதே களஞ்சியக் காவலரின் பெருந்தலைவலி.

அதற்கு ஒரு சோதனை இருந்தது. 1686 ஆம் ஆண்டின் கட்டளைப்படி, குறித்த அளவான சிறு பீரங்கியொன்றில் மூன்று அவுன்சு மருந்து இட்டு, அறுபது இறாத்தல் நிறையுள்ள குண்டை எறிவிப்பர். புது மருந்தாயின் குண்டு ஐம்பது துவாசு, அஃதாவது ஏறக்குறைய 320 அடி, செல்லுதல் வேண்டும். பழுதுபார்த்த பழைய மருந்துக்கு நாற்பத்தைந்து துவாசு போதும். சட்டமே பழைய மருந்துக்குத் தனி அளவு விதித்திருப்பதை நோக்குக. கெட்டதெல்லாம் கொட்டப்படவில்லை என்பது அதனால் விளங்கும்.

சிறிது ஈரம் கண்ட மருந்தை வெயிலில் உலர்த்தித் தூசு போகச் சலித்து மீண்டும் பீப்பாயில் அடைப்பர். கட்டிபட்டு, மேலே வெண்பூப் பூத்ததாயின், உப்பு உள்ளிருந்து வெளியேறத் தொடங்கிவிட்டது என்பது பொருள்; அதற்குக் குறைந்த உப்பைச் சேர்த்து ஆலையில் மறுபடி இடிக்க வேண்டும். கடல்நீர் பட்டு முற்றும் கெட்டதையும் வீணாக்குவதில்லை. வெந்நீரில் இட்டால் வெடியுப்பு ஒன்றே கரையும். கந்தகமும் கரியும் கரையா. வடித்த நீரைக் காய்ச்சி ஆறவிட்டால் உப்பு பளிங்காய் மீளும். மூன்றில் ஒன்று கரைவது, இரண்டு கரையாதது என்னும் இச்சிறு வேறுபாடு ஓர் அரசின் கருவூலத்தையே காத்தது. நம் பள்ளிகளில் உப்பையும் மணலையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்கின்றோமே, அப்பாடத்தின் மூத்த உடன்பிறப்பு இது.

சில ஆண்டுகளுள் பிரான்சியமருந்து ஐரோப்பாவின் நன்மருந்துகளுள் ஒன்றெனப் பெயர் பெற்றது. ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளர்ந்த அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் அது பெருவாரியாய்ச் சென்றது. பாரிசுக்குத் தெற்கேயுள்ள எசோன் ஆலையில் தொழில் பயின்ற இளைஞன் ஒருவன், துப்பொன் என்பான், 1802 இல் அமெரிக்காவிலே தன் மருந்தாலையைத் தொடங்கினான். இன்றுள்ள பெருநிறுவனத்தின் வித்து அதுவே.

எல்லாம் வெற்றியாய் முடியவில்லை. வெடியுப்புக்குப் பதிலாகப் பொற்றாசியம் குளோரேற்றைச் சேர்த்தால் மருந்தின் வலி கூடும் என்று பெர்த்தொலே என்னும் அறிஞர் கருதினார். 1788 ஒற்றோபர் 27 ஆம் நாள் எசோனில் அதனைச் செய்து பார்த்தனர். இலவோசியேயும் மனைவியும் பெர்த்தொலேயும் காலையுணவுக்காகச் சற்று அகன்றிருந்தனர். ஆலைத் தலைவரும் ஒரு பெண்ணும் அவர்களுக்கு முன்னரே ஆலையை அடைந்தனர். கலவை வெடித்தது; இருவரும் மாண்டனர். உண்ணச் சென்ற சிறுபொழுதே மற்றவர் உயிரைக் காத்தது.

இதற்கிடையே, 1787 இல், நண்பர் மூவருடன் கூடி இரசாயனத்துக்குப் புதிய பெயர் முறையொன்றை அவன் வகுத்தான். முன்னோர் இட்ட பெயர்கள் நிறத்தாலும் ஊராலும் கதையாலும் வந்தவை. புதுப்பெயர்கள் பொருளின் கூற்றைச் சொல்வன. இடுகுறியாய்க் கிடந்தவற்றைக் காரணப்பெயராக்கினான் என்று நாம் இலக்கணம் கூறலாம். 1789 இல் அவனுடைய இரசாயனப் பாடநூலும் வெளிவந்தது.

அவ்வாண்டே புரட்சி மூண்டது. சூலை 12 ஆம் நாள் இரவு ஆயுதசாலையின் 250 பீப்பாய் மருந்து அருகிலிருந்த பஸ்தீல் சிறைக்கோட்டைக்கு மாற்றப்பட்டது. 14 ஆம் நாள் மக்கள் பஸ்தீலை முற்றுகையிட்டது பெரும்பாலும் அம்மருந்தை நாடியே. துப்பாக்கி கையிலிருந்தது, போடுவதற்கு மருந்து இல்லை.

மூன்று கிழமை சென்றது. நகரைக் காப்பதற்கு நல்ல துப்பாக்கி மருந்து வேண்டும்; களஞ்சியத்திலோ வணிக மருந்து இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அதனை வெளியேற்றி, எசோனிலிருந்து உயர்ந்த மருந்தைக் கொணர்ந்து நிரப்புவதென்று நிருவாகத்தார் முடிவு செய்தனர். ஏறக்குறையப் பதினாயிரம் இறாத்தல் மருந்து செயின் நதியிற் படகேற்றப்பட்டது. காவற்படைத் தலைவர் லாபயெத் இல்லாத வேளையில் அவருக்குத் துணைவராகிய லா சால் பிரபு ஆணைச்சீட்டில் ஒப்பமிட்டார். காரியம் முற்றும் ஒழுங்கானதே. தாழ்ந்ததை அகற்றி உயர்ந்ததை வைப்பதில் நாட்டுக்கு என்ன தீங்கு?

ஆனால் கரையில் நின்ற மக்கள் கண்டது வேறு. மருந்து நகரைவிட்டுப் போகின்றது. அதுவே அவர்கள் கண்டது. பீப்பாயின் பண்டத்துக்குப் பிரான்சிய மொழியில் திரெத் மருந்து என்று பெயர். திரெத் என்றால் வாணிகம். துரோகி என்னும் சொல் அம்மொழியில் திரெத்ர். வணிக மருந்து துரோகியின் மருந்தாயிற்று என்று வரலாறு எழுதுவோர் கூறுவர். ஈற்றில் ஓர் ஒலியே வேறுபாடு. புலவன் செய்த சிலேடையாயின் சபை நகைத்திருக்கும். பசித்த நகரம் நகைக்கவில்லை. இலவோசியேயும் உடன் அதிகாரி ஒருவரும் நகரமண்டபத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இரண்டு கிழமைக்கு முன் அம்மண்டபத்தின் முற்றத்திலே தான் முன்னாள் அமைச்சர் ஒருவரை விளக்குக் கம்பத்திற் கட்டித் தூக்கியிருந்தனர். மண்டபத்தினுள்ளே மருந்தின் வகைகளை விளக்கி, எதனைக் கொடுத்து எதனை வாங்கினோம் என்று அவன் காட்டினான். உள்ளிருந்தோர் ஏற்றுக்கொண்டனர். வெளியே நின்றோர் சினம் லா சால் பிரபுமேல் திரும்பியது. அவர் அங்கே அகப்படவில்லை. பொருட்களுக்கெல்லாம் ஐயமறப் பெயரிட்ட அறிஞன் ஒரு பெயரின் ஒலிமயக்கத்தால் உயிரிழக்க இருந்தது விந்தையே.

ஒன்று சொல்லாது விடுதல் நேர்மையன்று. அவ்வணிக மருந்து ஆபிரிக்கக் கரையில் அடிமைகளை வாங்குவதற்குக் கொடுக்கப்பட்ட விலைப்பொருள்களுள் ஒன்று. அதன் இழிவு தரத்தில் மட்டும் இருந்ததன்று. அன்று கூச்சலிட்ட கூட்டம் அதனைப் பற்றி நினைத்ததாகவும் தெரியவில்லை.

பழி அன்றோடு போகவில்லை. 1791 இல் மாரா என்னும் பத்திரிகையாளன் இலவோசியேமீது அடுக்கிய குற்றங்களுள், பஸ்தீலுக்கு மருந்து மாற்றியதும் ஒன்று. 1792 இல் அவன் மருந்து நிருவாகத்தையும் ஆயுதசாலை வீட்டையும் விட்டு நீங்கினான். 1793 நவம்பரில் வரிக்குத்தகைக்காரர் யாவரையும் சிறையிட ஆணை பிறந்தது. அவன் தானே சென்று ஒப்படைத்தான். வழக்கில் அவர்கள்மேற் சாட்டிய குற்றங்களுள் ஒன்று, புகையிலையில் நீர் தெளித்து நிறையைக் கூட்டினர் என்பது. மருந்தில் ஈரம் அணுகாது காத்தவனுக்கு ஈரத்தாலும் ஒரு குற்றம் வந்து சேர்ந்தது!

அவன் சிறையிலிருந்த 1794 இன் தொடக்கத்திலேதான், நாடெங்குமிருந்து வரவழைக்கப்பட்ட குடிமக்களுக்கு வெடியுப்புக் காய்ச்சவும் மருந்து செய்யவும் பாரிசில் விரைவுப் பாடங்கள் நடந்தன. கற்பித்தோர் பூர்க்குருவா, கித்தோன், பெர்த்தொலே முதலியோர். பெயர் முறை வகுக்கையில் அவனோடு அமர்ந்திருந்த அதே மூவர். மே மாதம் 8 ஆம் நாள் இருபத்தெட்டுக் குத்தகைக்காரர் ஒரே நாளில் விசாரிக்கப்பட்டு ஒரே நாளிற் சிரச்சேதம் செய்யப்பட்டனர். மனைவியின் தந்தை மூன்றாவதாகவும் இலவோசியே நான்காவதாகவும் மேடை ஏறினர். நான்கு மாதமும் நிறையுமுன், ஆகத்து 31 ஆம் நாள், புரட்சியரசு அவசரமாய் எழுப்பிய கிறனெல் மருந்தாலை வெடித்துச் சிதறி ஆயிரம் பேரளவில் மாய்ந்தனர்.

மரி ஆன் 1836 வரை வாழ்ந்தாள். பறிமுதலான நூல்களும் கருவிகளும் பின்னர் அவளிடமே திரும்பின. கணவன் சிறையில் திரட்டிவந்த கட்டுரைகளை அச்சேற்றியவளும் அவளே. ஆயுதசாலையில் அவன் நிறுத்த தராசுகள் பாரிசுத் தொழிற்கலை அரும்பொருட்காட்சியில் இன்றும் கண்ணாடிப் பேழையுள் இருக்கின்றன.