ஊதல் ஏந்திய ஆசான்: எச்.சி. பக்

வெற்றிக் கோப்பையுடன் நிற்கும் எந்த விளையாட்டு அணியின் நிழற்படத்தைப் பார்த்தாலும், ஓரத்தில் ஒருவர் கழுத்தில் ஊதலுடன் நிற்பதைக் காணலாம். வீரரை நாடு போற்றும். அவரைப் பழக்கியவரை அண்டை வீட்டாரும் அறியார். பெயர் வெளியில் தெரியாத இந்தப் பயிற்சியாளர் கூட்டத்திற்குத் தமிழகத்தில் முன்னோடி ஹாரி குரோ பக் என்றால் அது மிகையாகாது.

1884-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர் பக். கூடைப்பந்து பிறந்த ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் உடற்கல்வி பயின்றார். 1919-இல் ஒய்.எம்.சி.ஏ. இயக்கப் பணிக்காகச் சென்னை வந்து சேர்ந்தார்.

அந்நாளில் நம் பள்ளிகளில் உடற்கல்வி என்றால் வரிசையில் நின்று கைகால் அசைக்கும் டிரில் மட்டுமே. அதனைச் சொல்லித் தந்தவர்களுள் பலர் ஓய்வுபெற்ற படைவீரர்கள். ஆட்டக்காரர்களைத் தேடுமுன் ஆசிரியர்களை உருவாக்க வேண்டும் என்று கண்டார் பக். ஓர் ஆட்டக்காரருக்குக் கற்றுத் தந்தால் அவர் ஒருவர் ஆடுவார். ஓர் ஆசிரியருக்குக் கற்றுத் தந்தால் ஓர் ஊரே ஆடும் அன்றோ! 1920-இல் ஐந்து மாணவர்கள், மூன்று ஆசிரியர்கள், ஒரு கீற்றுக் கொட்டகை ஆகியவற்றோடு ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி தொடங்கிற்று. பின்னாளில் அது சைதாப்பேட்டைப் பகுதியில் அடையாற்றங்கரையில் விரிந்த திடல்களோடு வளர்ந்தது.

1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியோடு பக்கும் கப்பலேறினார். இந்திய ஒலிம்பிக் சங்கம் 1927-இல் உருவாக உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். சென்னை மாகாண அரசுக்கு உடற்கல்வி ஆலோசகராகவும் விளங்கினார். துணைவியார் மேரி அம்மையார் அவருடைய பணிகளில் உறுதுணையாக நின்றார்.

அதே பாரிஸ் ஒலிம்பிக்கில் நோரா பாலி என்னும் பெண்மணி இந்தியாவின் சார்பில் டென்னிஸ் ஆடினார். ஆயினும் பெண்கள் உடற்கல்வி ஆசிரியர்களாகப் பயில, பக்கின் கல்லூரி 1940-இல்தான் கதவு திறந்தது. இருபது ஆண்டுகள் மூடியிருந்த கதவு அது. திறந்து மூன்றாண்டுகள் கழிந்து, 1943-இல் சென்னையிலேயே பக் மறைந்தார்.

அவர் வாழ்வு நமக்கு உணர்த்துவது யாது? பெண்கள் சாஃப்ட்பாலையே எடுத்துக்கொள்வோம். பக் பிறந்த மூன்றாம் ஆண்டில், 1887-இல், சிகாகோவில் தோன்றிய ஆட்டம் இது. 1996-இல் பெண்களுக்கான ஒலிம்பிக் ஆட்டமாயிற்று. களத்தில் நிற்பவர் ஒன்பதுபேர். பந்து வீசுவது தோளுக்குக் கீழிருந்து. வீசுமிடத்திற்கும் அடிக்குமிடத்திற்கும் இடையே 43 அடி. விதிகளை ஒரு மாலையில் படித்துவிடலாம். ஆனால் பறந்துவரும் பந்துக்கு அஞ்சாமல் கையுறையை நீட்டும் துணிவைப் புத்தகத்தில் படிக்க இயலாது. அருகில் நின்று பழக்க ஒருவர் வேண்டும்.

எம்போன்ற சிறிய கல்லூரிகளில் அந்த ஒருவர் உடற்கல்வி இயக்குநரே. திடலில் சுண்ணாம்புக் கோடு இடுபவரும் அவரே. பந்து வீசக் கற்பிப்பவரும் அவரே. வெளியூர்ப் போட்டிக்குப் பேருந்தில் அழைத்துச் செல்பவரும் அவரே. துணைக்கு வரும் பேராசிரியை ஒருவர் அமைந்தால் பெற்றோரின் அச்சம் பாதி நீங்கும். அவர் அமையாவிட்டால் சில வேளை அணியே புறப்படுவதில்லை.

கல்வராயன் மலையில் மேடும் பள்ளமும் ஏறி இறங்கி வளர்ந்த பெண்களுக்குக் காலில் வலுவும் கையில் குறியும் குறைவில்லை. வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் படிக்க வரும் ஒரு மாணவியின் திறமை வெளிப்படுவதும், மூன்றாண்டு முடிந்து வந்தவாறே மலையேறிப் போவதும், அவள் பெற்றோரிடம் பேசி மாலைப் பயிற்சிக்கு இசைவு பெறும் ஓர் ஆசிரியரைப் பொறுத்தவை.

சிலை எழுப்புவதைவிடச் சிறந்த நன்றியொன்று பக்கிற்கு உண்டு. பயிற்சி பெற்ற மாணவியருள் சிலரேனும் உடற்கல்வி பயின்று, ஊதலை ஏந்தி, மலையடிவாரப் பள்ளித் திடல்களுக்குத் திரும்பட்டும். கீற்றுக் கொட்டகையில் ஐவரோடு தொடங்கிய பணி அன்றுதான் மலையேறும்.