கோப்பைக்குப் பெயர் தந்த நகராட்சி ஊழியர்



ஐஸ் என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? சித்திரை வெயிலில் சர்பத் கடைக்காரர் சாக்கிலிருந்து எடுத்து உடைத்துப் போடுகிற கட்டிதான். நம்ம வேங்கிக்கால் ஏரி கோடையில் காய்ந்து வெடித்திருக்குமே தவிர, ஒருநாளும் உறைந்ததில்லை. கனடா நாட்டில் அப்படி இல்லை. தை மாசக் குளிரில் ஏரித் தண்ணீரே கல் மாதிரி ஆகிவிடும். அடியில் இரும்புப் பட்டை வைத்த பூட்ஸை மாட்டிக்கொண்டு, அதன்மேல் வழுக்கிக்கொண்டே ஓடி விளையாடுவார்கள்.

அப்படி ஆடுகிற ஆட்டங்களில் ஒன்றுதான் ரிங்கெட். இதற்கு உலக சாம்பியன்ஷிப் போட்டியே நடக்கிறது. அதில் ஜெயிக்கும் அணிக்குத் தரும் பரிசின் பெயர் சாம் ஜாக்ஸ் கோப்பை. இந்த சாம் ஜாக்ஸ் பெரிய ஆட்டக்காரரும் இல்லை, பணக்காரரும் இல்லை. ஒரு நகராட்சியில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். அவர் வாழ்க்கையைத்தான் இந்த ஆண்டு மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

சாம் ஜாக்ஸ் 1915-ம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். அவருக்கு ஐந்து வயது இருக்கும்போது குடும்பம் கப்பலேறி கனடா போய்ச் சேர்ந்தது. டொராண்டோ நகரில் வளர்ந்தார். வாலிப வயதில் அங்குள்ள ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்பயிற்சிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். ஐஸ் ஹாக்கி ஆட வேண்டும் என்றால் பூட்ஸ் வேண்டும், ஐஸ் மைதானம் வேண்டும். எல்லாப் பையன்களிடமும் அது இருக்குமா? 1936-ல், தன் 21-வது வயதில், கட்டடத்துக்குள் சாதாரணத் தரையிலேயே ஆடுகிற மாதிரி ஃப்ளோர் ஹாக்கிக்கு விதிகள் எழுதினார். மனவளர்ச்சி குன்றியோருக்காக நடக்கும் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸில் பின்னாளில் ஃப்ளோர் ஹாக்கியும் ஒரு ஆட்டமாக இடம் பிடித்தது.

இரண்டாம் உலகப் போரில் கனடா ராணுவத்தில் பணியாற்றினார். போர் முடிந்து, 1948-ல் டொராண்டோவுக்கு வடக்கே உள்ள நார்த் பே என்ற ஊரின் நகராட்சியில் பூங்கா, பொழுதுபோக்குத் துறைக்கு இயக்குநர் ஆனார். ஊரில் உள்ள மைதானங்களைப் பராமரிப்பது, யாருக்கு எந்த நேரம் என்று ஒதுக்குவது எல்லாம் அவர் துறையின் வேலை.

அந்தக் காலத்துக் கனடாவில் ஐஸ் மைதானம் என்றாலே ஆண் பிள்ளைகளுக்குத்தான். போருக்கு முன்னால் பெண்களும் ஹாக்கி ஆடி வந்தார்கள். போருக்குப் பிறகு அது கிட்டத்தட்ட அழிந்தே போச்சு. எவ்வளவு மோசம் என்பதற்கு ஒரு உண்மைச் சம்பவம் சொல்கிறேன். ஏபி ஹாஃப்மன் என்ற சிறுமி தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, டொராண்டோவில் பையன்கள் அணியில் பையனைப் போலவே ஒரு சீசன் முழுக்க ஆடினாள். நன்றாக ஆடியதால் சிறப்பு அணிக்குத் தேர்வானாள். அதற்காகப் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தபோதுதான் அவள் பெண் என்று தெரிந்தது. அது 1956-ம் வருஷம், அவளுக்கு வயது 9. பிற்காலத்தில் அதே ஏபி ஹாஃப்மன் ஓட்டப் பந்தய வீராங்கனையாகி நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் ஓடினார். திறமை இருந்தது, நுழைய வழிதான் இல்லை.

குளிர்காலம் முழுக்கப் பெண் பிள்ளைகளுக்கு ஐஸ் மேல் ஒரு கூட்டு விளையாட்டு இல்லை என்பதை சாம் ஜாக்ஸ் கவனித்தார். அவருக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் ஆண். தன் வீட்டில் பெண் பிள்ளை இல்லாமலேயே ஊரார் பெண் பிள்ளைகளுக்காக யோசித்தார் பாருங்கள், அதுதான் பெரிய மனசு. 1963-ல் பெண்களுக்கென்றே ரிங்கெட் ஆட்டத்தை உருவாக்கினார். எஸ்பனோலா என்ற ஊரில் இதே வேலையில் இருந்த மெக்கார்த்தி என்ற நண்பர் விதிகளைச் சீராக்கி, பள்ளி மாணவிகளை வைத்து ஆடிக் காட்டினார்.

ஆட்டம் எப்படி என்று கேட்பீர்கள். ஹாக்கி மட்டையின் நுனி வளைந்திருக்கும். ரிங்கெட் கோல் நேராக இருக்கும். பந்துக்குப் பதில் ரப்பர் வளையம். நம்ம பெண்கள் ஆடும் டென்னிகாய்ட் வளையத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், விளங்கிவிடும். வளையத்தின் நடுவில் கோலைக் குத்தித் தள்ளிக்கொண்டே போக வேண்டும். ஒரு அணிக்கு கோல் கீப்பரைச் சேர்த்து ஆறு பேர். உடம்பால் இடித்துத் தள்ளக் கூடாது. மைதானத்தின் குறுக்கே நீலக் கோடுகள் உண்டு. வளையத்தை அந்தக் கோட்டைத் தாண்டி ஒருவரே கொண்டு போக முடியாது, தன் அணியில் இன்னொருத்திக்குத் தள்ளிவிட்டே ஆக வேண்டும்.

டிப்ளமோ படிக்கிற நாம் இந்த நீலக் கோட்டைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். எந்த ஆட்டத்திலும் கெட்டிக்காரி ஒருத்தி இருப்பாள், அவளே எல்லாவற்றையும் ஆடிவிடுவாள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். எல்லோருக்கும் கொடுத்து ஆடுங்க என்று புத்தி சொன்னால் யார் கேட்பார்கள்? இந்த ஆட்டத்தில் விதியே அதைச் செய்துவிடுகிறது. இதுதான் நல்ல டிசைன் என்பேன்.

ஆட்டம் மெல்லப் பரவியது. 1974-ல் கனடா முழுமைக்கும் சங்கம் அமைந்தது. அடுத்த ஆண்டு, 1975-ல், சாம் ஜாக்ஸ் காலமானார். வயது 60. அதன்பின் அவர் மனைவி ஆக்னஸ் அம்மையார் ஊர் ஊராகப் போய் இந்த ஆட்டத்தை வளர்த்தார். 2005-ல் அவர் மறையும்வரை ஆட்டக்காரப் பெண்கள் எல்லோருக்கும் அவர் தாய் போல இருந்தார். 1979-ல் யுஹானி வால்ஸ்டன் என்ற ஹாக்கி வீரர் ரிங்கெட்டை பின்லாந்துக்குக் கொண்டு போனார்.

1990-ல் கனடாவின் குளோஸ்டர் நகரில் முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. 1994-ல் அமெரிக்காவின் செயின்ட் பால் நகரில் பின்லாந்து முதல் தடவை ஜெயித்தது. 2004-லிருந்து 2019 வரை நடந்த ஏழு போட்டிகளிலும் பின்லாந்துதான் சாம்பியன். அதில் 2013-ம் ஆண்டுப் போட்டி சாம் ஜாக்ஸ் வேலை பார்த்த அதே நார்த் பே நகரில், ஆட்டம் பிறந்த 50-ம் ஆண்டில் நடந்தது. அங்கும் கனடாவைத் தோற்கடித்து பின்லாந்துப் பெண்களே கோப்பையைத் தூக்கினார்கள். நட்டது ஒரு ஊர், காய்த்தது இன்னொரு ஊர். நட்டவர் ஒரு போட்டியைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை.

பெண்களுக்குத் தனி ஆட்டம் எதற்கு, ஹாக்கியிலேயே சேர்த்திருக்கலாமே என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெண்கள் ஹாக்கிக்கும் 1990-ல்தான் முதல் உலகப் போட்டி நடந்தது, 1998-ல் ஒலிம்பிக்கிலும் சேர்ந்தது. ரிங்கெட் இன்னும் ஒலிம்பிக்கில் இல்லை. ஆனால் 1963-ல் பத்து வயதாக இருந்த பெண்ணுக்கு 1998-ல் 45 வயது ஆகியிருக்கும். பெரிய கதவு திறக்கும்வரை காத்திரு என்று சொல்லாமல், இருக்கிற இடத்தில் ஒரு சின்ன வாசலை உடனே திறந்துவிட்டார் சாம் ஜாக்ஸ். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அந்தச் சின்ன வாசலின் அருமை எனக்குத் தெரியும்.

கடைசியாக நம்ம மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். சாயந்திரம் மைதானம் முழுக்கக் கிரிக்கெட்தான். பெண்கள் நாங்கள் நேரே பஸ் ஸ்டாப்புக்குப் போய்விடுகிறோம். 2006-ல் நம்ம சென்னையிலேயே உலக டென்னிகாய்ட் சாம்பியன்ஷிப் நடந்திருக்கிறது. அதற்கு ஐஸும் வேண்டாம், பூட்ஸும் வேண்டாம். இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு ரப்பர் வளையம், வாரத்தில் இரண்டு நாள் ஒரு மணி நேரம். இதைப் பேரவை ஒதுக்கித் தந்தால் ஆட நாங்கள் தயார். சாம் ஜாக்ஸுக்கு நாம் செய்யும் மரியாதை அதைவிட வேறென்ன இருக்கிறது!